தண்ணீர் கேட்காத கொம்பிக்குத் தண்ணீர் எஞ்சின்

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் முற்றத்தில் நிற்கும் ஃபொக்ஸ்வாகன் கொம்பி வான் 1969ஆம் ஆண்டு வண்டி. அப்பா வைத்திருந்தது. பிறந்தபோது அதன் எஞ்சின் 1584 சிசி, 47 குதிரைவலு, காற்றால் குளிர்வது. இன்றைக்கு அதன் பின்கதவைத் திறந்தால் உள்ளே தண்ணீரால் குளிர்கிற 1994 சிசி சுபாரு எஞ்சின் படுத்திருக்கிறது. உள்ளே கட்டில், சின்ன அலுமாரி, இரண்டு அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் உண்டு. நாலு பேர் படுத்துறங்கி, சமைத்துச் சாப்பிட்டு, மலைநாடு வரை போய்வருகிறோம்.

நான் வாகன மெக்கானிக் இல்லை. தோட்டங்களுக்கு இறைக்கிற தண்ணீர்ப் பம்புகளைத் திருத்துவதுதான் தொழில். வானைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எஞ்சின் எப்படி அண்ணை ஏத்தினனீங்கள்?" என்பதுதான். எஞ்சின் ஏற்றியது ஒரு நாள் வேலை. மீதி ஒரு வருடமும் வேறு வேலை. அந்த வேறு வேலையைப் பற்றித்தான் இங்கே கூடுதலாக எழுதப்போகிறேன்.

மாற்றத்தான் வேண்டுமா?

பழைய எஞ்சினை நான் குறை சொல்லமாட்டேன். தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், ஊசியால் கார்புரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் அடித்து ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய வண்டி இது. அதன் அமுக்க விகிதம் எட்டைத் தொடாது, அதனால் மண்ணெண்ணெயைச் சகித்துக்கொண்டது. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் றிங்குகளைத் தாண்டிக் கீழே ஒயிலில் கலக்கும். அப்பா காலையில் ஒயில் குச்சியை இழுத்து முதலில் மணந்து பார்ப்பார், பிறகுதான் அளவு பார்ப்பார். ஒயில் குறைந்தால் பயமில்லை, கூடினால்தான் பயம் என்பார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போரால் இடம்பெயர்ந்து எங்கள் வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தபோது, நாவற்குழிப் பக்கம் இந்த வானும் ஆமை வேகத்தில் விடியவிடிய ஊர்ந்தது. றேடியேற்றர் கொதித்த வண்டிகள் ஓரத்தில் நின்றன. எங்களுடையது நிற்கவில்லை. அதன் விசிறி எஞ்சினோடு சேர்ந்தே சுற்றுவது. வண்டி நின்றாலும் காற்று நிற்காது.

அதனால்தான் நான் எஞ்சின் மாற்றப்போகிறேன் என்றதும் அம்மா கேட்டார்: "ஏன் மோனை, தண்ணி கேக்காத வண்டிக்குத் தண்ணியைப் பழக்கிறாய்?"

இந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருந்தால் மட்டும் மேலே வாசியுங்கள். யாழ்ப்பாணத்துக்குள் கசூரினாக் கடற்கரைக்கும் கீரிமலைக்கும் போய்வருவதென்றால் பழைய எஞ்சினையே புது சிலிண்டர், பிஸ்டன் போட்டுக் கட்டுங்கள். இங்கே தரை தோசைக்கல் மாதிரி. எனக்கு வேண்டியிருந்தது மலைநாட்டுக் கண்டி, ஹப்புத்தளை. கட்டில், தண்ணீர், பிள்ளைகள் எல்லாம் ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவ ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முனகும்போது, பின்னால் வரிசையாக லொறிகள் ஹோண் அடிப்பதை ஒருமுறை கேட்டால் போதும். அதோடு மண்ணெண்ணெய் குடித்த எஞ்சினின் உறையே தேய்ந்து, கிராங்க் தண்டு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியிருந்தது. 2020இல் வாகன இறக்குமதியும் நின்றது. வேறு வான் வாங்கும் எண்ணத்தை அப்போதே விட்டுவிட்டேன்.

எந்த எஞ்சின்

ஊரில் பத்துப் பேரிடம் கேட்டால் எட்டுப் பேர் ரொயோற்றா டீசல் என்பார்கள். ரொயோற்றாவின் 2C (ரூசி) டீசலுக்கு எங்கும் சாமான் கிடைக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது நிமிர்ந்து நிற்கிற, பாரமான இரும்பு எஞ்சின். கொம்பியின் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவது. அங்கே பாரத்தைக் கூட்டினால் முன்சில்லுகள் பாரமிழந்து ஸ்ரேறிங் இலேசாகிவிடும். உயரத்துக்காகக் கட்டிலின் தளத்தையும் வெட்டவேண்டும். பிறகு அந்தக் கட்டிலில் யார் படுப்பது?

சுபாருவின் ஈஜே வகை எஞ்சின், கொம்பியினுடையதைப் போலவே இரண்டு பக்கமும் படுத்த நாலு சிலிண்டர். பாரம் கொஞ்சம்தான் கூட. சுற்றும் திசையும் ஒன்றே. இது சின்ன விஷயமில்லை. எதிர்த்திசையில் சுற்றும் எஞ்சினை வைத்தால் நாலு கியர் பின்னுக்கும் ஒன்று முன்னுக்கும் கிடைக்கும். அதில் ரேபோ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத, வால்வுகளைத் திறக்கும் கம்சாப்ற் ஒரு பக்கத்துக்கு ஒன்று மட்டும் உள்ள ஈஜே20 எனக்குக் காணும். ரேபோ உள்ளதை வாங்கச் சொல்லி இளம்பிள்ளைகள் வற்புறுத்துவார்கள். கொம்பியின் கியர்பொக்ஸ் நூறு நியூட்டன் மீற்றர் சுற்றி முறுக்குவலு தருகிற எஞ்சினுக்காகச் செய்தது. சாதாரண ஈஜே20 அதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் தருகிறது. அதற்கு மேலும் கேட்டால் பல்லுச் சக்கரங்களைத்தான் பொறுக்கவேண்டிவரும்.

எஞ்சினைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில், வாகனச் சாமான் கடைகளில், வாங்கினேன். அதில் ஒரு பாடம். முதலில் வாங்கிய எஞ்சின் நல்லதுதான், ஆனால் வயரிங்கை இணைப்புக்கு அரைச் சாண் தள்ளிக் குறட்டால் நறுக்கியிருந்தார்கள். கம்பியூட்டர் பெட்டி வேறு ஏதோ மொடலினது. விற்ற கடையில் கேட்டதற்கு, "எஞ்சின் ஓடுதுதானே" என்ற பதில்தான். அதை நட்டத்துக்கு விற்றுவிட்டு இரண்டாம் முறை ஹாஃப் கட்டாக வாங்கினேன். வண்டியின் முன்பாதி முழுவதும் வெட்டியபடி வரும். எஞ்சின், வயரிங், கம்பியூட்டர், சென்சர்கள், எரிபொருள் றிலே, காற்று அளக்கும் மீற்றர் எல்லாம் ஒரே வண்டியினதாக இருக்கும். காசு கூடத்தான். ஆனாலும் எஞ்சினை மட்டும் தனியே வாங்காதீர்கள். வாங்கும்போதே விற்பனைச் சீட்டையும் சுங்கப் பத்திரத்தின் பிரதியையும் கேட்டு வாங்கி, அதிலுள்ள இலக்கத்தை எஞ்சினில் பொறித்த இலக்கத்தோடு நேரில் ஒப்பிடுங்கள். பிறகு போன் எடுத்துக் கேட்டால் யாரும் தேடித் தரமாட்டார்கள்.

முதலில் பிறேக்

1970 ஓகஸ்ற்றுக்கு முன் செய்த கொம்பிகளுக்கு நாலு சில்லுக்கும் ட்ரம் பிறேக். 47 குதிரைக்கு அது போதும், நூறுக்கு மேல் போதாது. முன்னால் டிஸ்க் போட்டு, மாஸ்ரர் சிலிண்டரும் மாற்றி, அதோடு ஒரு மாதம் பழைய எஞ்சினிலேயே ஓடிப் பாருங்கள். இதைப் பிறகு செய்யலாம் என்று ஒதுக்குகிறவரோடு நான் எஞ்சின் கதை கதைப்பதில்லை.

கழற்றுவது, பொருத்துவது

கழற்றுவது சுகம். பற்றரி இணைப்பை எடுங்கள். பெற்றோல் ஹோஸை அடையுங்கள். அக்சிலேற்றர் கேபிள், வயர்கள், பின்தாங்கி. 1971 வரை வந்த கொம்பிகளில் பின் பம்பருக்கு மேலுள்ள தகடும் கழரும், அதனால் எஞ்சினை நேரே பின்னால் இழுக்கலாம். கியர்பொக்ஸுக்குக் கீழே கட்டை முண்டு கொடுத்து, எஞ்சினுக்குக் கீழே ஜக் வைத்து, கியர்பொக்ஸோடு பிடித்திருக்கும் நாலு போல்ற்றையும் கழற்றினால் ஆயிற்று. நாங்கள் காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு தொடங்கிப் பதினொரு மணிக்கு முடித்துவிட்டோம்.

எஞ்சின் வெளியே இருக்கும்போது ஒரு காரியம் கட்டாயம் செய்யுங்கள்: பெற்றோல் தாங்கியைக் கழற்றிக் கழுவுங்கள். கொம்பியில் தாங்கி எஞ்சின் அறைக்கு முன்னால் தடுப்புக்கு அப்பால் இருக்கிறது, எஞ்சின் உள்ளே இருக்கையில் வெளியே எடுக்க முடியாது. எங்களுடையதில் 2022இல் பெற்றோலுக்குக் கியூ வரிசையில் நின்ற காலத்தில் காய்ந்து கிடந்ததில் ஏறிய துருவும், அதற்கும் முந்திய மண்ணெண்ணெய்ப் பிசினும் சேர்ந்து கோப்பிக் கசடு மாதிரி வந்தது. பழைய கார்புரேற்றர் அதைத் தின்று சமாளித்தது. புது எஞ்சினின் இன்ஜெக்டர் ஒரு நாளும் சமாளிக்காது.

பொருத்துவதில் நுட்பம் பிளைவீலில், அதாவது கிராங்க் முனையில் பூட்டும் பாரச் சக்கரத்தில், இருக்கிறது. கொம்பியின் பிளைவீலை நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டுத்தான் பிடிக்கிறது, 36 மில்லிமீற்றர் சாவி வேண்டும். சுபாருவின் கிராங்க் முனையில் எட்டு போல்ற். ஆகவே ஒன்று மற்றதில் ஏறாது. உள்ளே சுபாருவின் எட்டுத் துளையும், வெளியே கொம்பியின் 130 பல்லும் உள்ள பிளைவீல் வேண்டும். பல்லு 130 இருந்தால்தான் கொம்பியின் சொந்த ஸ்ரார்ட்டர் அதைச் சுழற்றும். இரண்டுக்கும் இடையே அலுமினிய அடப்டர் பிளேற் ஒன்று. வெளிநாட்டில் இவை சோடியாகவே விற்கின்றன.

எங்கள் சோடி கனடாவிலிருந்து அக்காவின் சூட்கேசில் வந்தது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர், சீலைகளுக்கு நடுவே சுற்றி வைத்திருந்தார். அம்மா சூட்கேசைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, அம்மிக்கல்லைத் திருப்பிக் கொண்டுவந்திட்டியோ?" என்றார். அக்காவுக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் இருக்கிறது, அத்தானின் உடுப்புகளை அந்தப் பாரத்துக்காக விட்டுவிட்டு வந்ததாம்.

வாங்கி வந்ததென்று அப்படியே பூட்டிவிடாதீர்கள். கொக்குவிலில் லேத் வைத்திருக்கும் அண்ணையிடம் கொண்டுபோய், பிளைவீலைக் கிராங்கில் பூட்டி, டயல் கேஜ் வைத்துக் கையால் சுற்றிப் பார்த்தோம். ஊசி மயிரளவு ஆடினாலும் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டினோம். இரண்டாம் முறையில் ஒரு போல்ற் துளையின் விளிம்பில் சிறு பிசிர் இருந்தது தெரியவந்தது. அண்ணை அதை அரத்தால் இரண்டு தரம் தடவினார், ஊசி நின்றது. இன்னொன்று: கொம்பியில் கியர்பொக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் சின்ன ஊசி பெயரிங் அந்தப் பெரிய நட்டுக்குள் இருக்கிறது. நட்டு போனால் அதுவும் போய்விடும். புது பிளைவீலின் நடுவில் அந்த பெயரிங் இருக்கிறதா, தண்டின் நுனி அதற்குள் போதியளவு போகிறதா என்று பாருங்கள். இது இல்லாமல் பூட்டினால் கிளச் மிதிக்கும்போதெல்லாம் அரைக்கும், எஞ்சினைத் திரும்ப இறக்கவேண்டிவரும்.

எஞ்சின் வெளியே இருக்கும் சாட்டில் ரைமிங் பெல்ற், அதன் உருளைகள், தண்ணீர்ப் பம்பு, பின் ஒயில் சீல் எல்லாம் புதிது போட்டுவிடுங்கள். ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டிய பெல்ற், எத்தனை ஓடியது என்று யாருக்குத் தெரியும்?

சுபாருவின் ஒயில் சம்ப், எஞ்சினின் அடியில் ஒயில் தங்கும் தொட்டி, கொம்பிக்குக் கீழே அதிகம் தொங்கும். எங்கள் ஒழுங்கைகளில் மண்ணுக்கு மேலே தலைநீட்டும் சுண்ணாம்புக் கற்களுக்கு அது நல்ல இரை. சம்பைக் குறுக்கி வெல்ட் பண்ணவேண்டும், உள்ளே ஒயில் உறிஞ்சும் குழாயையும் அதே அளவு குறுக்கவேண்டும். உள்ளே தடுப்புத் தகடுகள் வையுங்கள், வளைவில் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்காமல் இருக்க. ஒயில் கொள்ளளவு குறைவதால் 5,000 கிலோமீற்றரில் மாற்றிவிடுகிறேன். எஞ்சினின் பின்பக்கப் பாரத்தைத் தாங்கக் குறுக்குச் சட்டம் ஒன்றை, இரண்டு பக்கச் சட்டகத்திலும் றப்பர் வைத்துப் பூட்டுங்கள். முழுப் பாரத்தையும் கியர்பொக்ஸில் தொங்கவிடாதீர்கள்.

தண்ணீர்

இனித்தான் வேலை.

றேடியேற்றரை எங்கே வைப்பது? பலர் முன்முகத்தை வெட்டி வைக்கிறார்கள். காற்று நேராய் அடிப்பதால் குளிர்ச்சிக்கு அதுதான் நல்லது. எனக்கு அப்பாவின் வானின் முகத்தில் வெட்டுப்போட மனம் வரவில்லை. வயிற்றுப் பக்கம், முன் அச்சுக்குப் பின்னால், சாய்வாக வைத்தேன். அதற்கு இரண்டு மின்விசிறி கட்டாயம், கல் படாமல் கம்பிவலை கட்டாயம். மழைக்காலத்தில் எங்கள் செம்மண் சேறு றேடியேற்றர் இதழ்களுக்குள் போய்க் காய்ந்து செங்கல்லாகிவிடும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கீழே படுத்துக் குழாயால் கழுவுகிறேன். மனம் வராததற்கு நான் கொடுக்கும் வரி இது.

எஞ்சினிலிருந்து றேடியேற்றருக்குப் போகவும் வரவும் நீண்ட குழாய் இரண்டு. நான் பம்புக்காரன், பிவிசி குழாய் கைக்கெட்டும் தூரத்தில் குவிந்து கிடக்கிறது. நினைக்கவே நினைக்காதீர்கள், எண்பது தொண்ணூறு பாகைச் சூட்டில் அது இடியப்பமாகிவிடும். துருப்பிடிக்காத எஃகுக் குழாய் போடுங்கள். ஹோஸ் ஏறும் முனைகளில் சின்ன வரம்பு எழுப்பச் சொல்லுங்கள். வழுவழுப்பான முனையில் கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் அழுத்தம் ஏறியதும் ஹோஸ் கழன்றுபோகும். குழாய் எங்கும் மேடுகட்டி வளையக்கூடாது. மேடு இருந்தால் அங்கே காற்று ஒளிந்துகொள்ளும். நிரப்பும் தாங்கியை எஞ்சின் அறையில் எல்லாவற்றையும் விட உயரத்தில் வைத்து, வானின் பின்பக்கத்தை ஜக்கில் தூக்கி, றேடியேற்றரின் காற்றுத் திருகைத் திறந்து, மெதுவாக ஊற்றுங்கள். குமிழி நிற்கும்வரை ஹோஸ்களைக் கையால் பிசையுங்கள், மாட்டில் பால் கறக்கிற மாதிரி. எனக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது.

என்ன ஊற்றுவது? யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்விதான் முக்கியம். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புப் பாறையில் வெட்டியவை. கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிறதே, அதே படிவு றேடியேற்றரின் ஊசிக்குழாய்க்குள்ளும் எஞ்சின் தலைக்குள்ளும் படியும். இரண்டு வருடம் கிணற்றுத் தண்ணீரில் ஓடிய ஒரு பம்பு எஞ்சினின் தலையை நான் திறந்திருக்கிறேன். தண்ணீர் போகும் வழி விரல் நுழையாத அளவுக்குச் சுண்ணாம்பு கட்டியிருந்தது. தீவுப் பக்கத்து உவர்த் தண்ணீர் என்றால் அலுமினியத்தை அரிக்கவும் செய்யும். ஆகவே கூலன்ற், அதோடு பற்றரிக்கு விடும் வடித்த நீர், பாதிக்குப் பாதி. இங்கே உறைபனி இல்லைத்தானே என்று கூலன்ற்றைத் தவிர்க்கிறவர்கள் உண்டு. அது உறையாமல் இருக்க மட்டுமில்லை, துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும்தான்.

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன்.

சுபாரு எஞ்சினில் ஹீற்றருக்கென்று இரண்டு சிறு குழாய் வாய்கள் உண்டு. யாழ்ப்பாணத்து வெக்கையில் வானுக்குள் ஹீற்றர் எதற்கு? இரண்டையும் றப்பர் மூடி போட்டு அடைத்துவிட்டேன். முற்றத்தில் ஓடவிட்டபோது எல்லாம் நல்லாய்த்தான் இருந்தது. முதல் ஓட்டம் ஆனையிறவுக்கு. சாவகச்சேரி வரை வெப்பமானியின் ஊசி நடுவில். கொடிகாமம் தாண்டியதும் ஏறத் தொடங்கியது. பளையை எட்டுமுன் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி நிறுத்தி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே புகுந்தேன். எஞ்சினிலிருந்து வரும் ஹோஸில் கை வைக்க முடியவில்லை. றேடியேற்றரிலிருந்து திரும்பும் ஹோஸ் கிணற்று வாளி மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. இரண்டு விசிறியும் சும்மா நின்றன.

அருகே வீட்டிலிருந்து ஒரு ஐயா வாளி நிறையத் தண்ணீர் கொண்டு ஓடிவந்தார். "ஊத்து தம்பி, ஊத்து." நல்ல மனம்தான், ஆனால் கொதிக்கிற எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தலை வெடிக்கும், மூடியைத் திறந்தால் நீராவி முகத்தில் அடிக்கும். அந்த வாளியில் நான் முகம் கழுவினேன். பனையடியில் ஒன்றரை மணித்தியாலம் இருந்தோம். கூட வந்த வயரிங் தம்பி, "தெர்மோஸ்ரற்றைக் கழட்டி எறியுங்கோ அண்ணை, இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான்" என்றான். இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், உண்மை. ஆனால் தெர்மோஸ்ரற், அதாவது சூடு ஏறியதும் திறந்து றேடியேற்றர் வழியாகத் தண்ணீரை ஓடவிடும் கதவு, இல்லாவிட்டால் எஞ்சின் சூடேறாமல் ஓடும், கம்பியூட்டர் அது இன்னும் குளிரில் நிற்கிறதென்று நினைத்துக் கூடுதல் பெற்றோலைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

சங்கதி இதுதான். பல எஞ்சின்களில் தெர்மோஸ்ரற் சூடான தண்ணீர் வெளியேறும் வாயில் இருக்கும். சுபாருவில் அது குளிர்ந்த தண்ணீர் திரும்பி வரும் வாயில், பம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 78 பாகையில் திறக்கவேண்டும். ஆனால் எஞ்சின் சூடாகிவிட்டது என்ற செய்தியை அதற்குக் கொண்டுவந்து சொல்வதே ஹீற்றரைச் சுற்றித் திரும்பும் அந்தச் சூடான தண்ணீர்தான். நான் அந்த வழியை அடைத்துவிட்டேன். எஞ்சின் கொதிக்கிறது, காவல்காரனுக்குச் செய்தி போகவில்லை, அவன் கதவைத் திறக்கவில்லை.

மருந்து: இரண்டு வாய்களையும் ஒரு முழ நீள ஹீற்றர் ஹோஸால் ஒன்றோடொன்று இணைப்பது. அவ்வளவே. வீட்டுக்கு மெல்ல மெல்ல நின்று நின்று வந்து, அடுத்த நாள் இணைத்து, அதே வீதியில் அதே நேரத்தில் போனேன். ஊசி நடுவை விட்டு அசையவில்லை. இந்தப் பிழையில் ஹெட் காஸ்கற் போகாமல் தப்பியது என் கெட்டித்தனத்தால் இல்லை, நேரத்தோடு நிறுத்தியதால். ஊசியுள்ள வெப்பமானி கட்டாயம் கண்ணெதிரே பூட்டுங்கள். பழைய கொம்பிக்குப் பிறவியில் அது கிடையாது.

பெற்றோலும் வயரும்

பழைய கார்புரேற்றருக்குப் பெற்றோல் தள்ள மெல்லிய அழுத்தம் போதும். இன்ஜெக்டருக்கு அதைப்போல் பத்து மடங்கு வேண்டும், மூன்று பார் சுற்றி. ஆகவே மின் பம்பு, அதற்கு முன் வடிகட்டி, இன்ஜெக்ஷனுக்கென்றே விற்கும் ஹோஸ், மிச்சப் பெற்றோல் தாங்கிக்குத் திரும்ப இன்னொரு குழாய். திரும்பும் வாயைத் தாங்கி கழுவும் நாளிலேயே வைத்துவிடுங்கள். பாவித்த தாங்கியை யாரும் சும்மா வெல்ட் பண்ணக்கூடாது, உள்ளே மிஞ்சிய ஆவியே போதும் வெடிக்க, தெரிந்தவரிடம் கொடுங்கள். கொம்பிகள் தீப்பிடித்த கதைகளில் பெரும்பாலும் வில்லன் இற்றுப்போன பெற்றோல் ஹோஸ்தான். சமையல் கேஸ் சிலிண்டரை எஞ்சின் பக்கத்து அலுமாரியில் வைக்காதீர்கள். நான் 2.3 கிலோ சிலிண்டரை முன்பக்கம் வைத்து, ஓடும்போது மூடிவிடுகிறேன்.

வயரிங் எனக்குத் தெரியாத துறை. சுன்னாகத்துத் தம்பி ஒருவன், உழவு இயந்திரமும் முச்சக்கர வண்டியும் பார்ப்பவன், நாலு மாதம் பின்னேரங்களில் வந்து செய்தான். அவன் முறை இது: முழு வயரிங்கையும் விறாந்தையில் பாய்போல் விரித்தான். ஒவ்வொரு இணைப்பிலும் காகித நாடா ஒட்டி, "காற்று மீற்றர்", "தண்ணிச் சூடு", "பின் ஒட்சிசன்" என்று தமிழில் எழுதினான். பிறகுதான் ஏசி, ஏபிஎஸ், ஓட்டோ கியருக்கான வயர்களை ஒவ்வொன்றாய் உருவினான். எதையும் வெட்டவில்லை, உருவினான். கடைசியில் வானோடு இணைத்தவை சிலவே: பற்றரியிலிருந்து நேர் மின், சாவி போட்டால் வரும் மின், ஸ்ரார்ட் மின், பெற்றோல் பம்பு, விசிறிகள், ஒயில் விளக்கு. ஏர்த்தை மட்டும் இரண்டு இடத்தில், வண்ணத்தைச் சுரண்டி, தடித்த கம்பியில் கொடுத்தான். "பாதி வருத்தம் ஏர்த்தாலதான் அண்ணை வாறது." கம்பியூட்டர் பெட்டி கட்டிலுக்குக் கீழே, எஞ்சின் சூடும் மழையும் படாத இடத்தில் இருக்கிறது. வேக சென்சர் வேண்டாமென்று விட்டால், நிறுத்த வரும்போது எஞ்சின் திக்கும், சில நேரம் அணைந்தும் போகும். ஸ்பீடோமீற்றர் கேபிளில் பொருத்தும் சின்ன சென்சர் போட்டதும் அந்தத் தொல்லை போய்விட்டது.

கடதாசி

எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் பதிவுப் புத்தகத்தில் மாறவேண்டும். வேலை தொடங்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் என்னென்ன பத்திரம் வேண்டுமென்று எழுதி வாங்குங்கள். புத்தகத்தில் ஒரு எஞ்சினும் வண்டியில் ஒரு எஞ்சினும் இருந்தால், விபத்தென்று வரும்போது காப்புறுதிக்காரர் அதைத்தான் முதலில் பார்ப்பார். புகைப் பரிசோதனை பற்றிப் பயமில்லை. பழைய எஞ்சினுக்கு நான் ஒவ்வொரு வருடமும் நேர்த்தி வைத்துப் போனேன், இது முதல் தரத்திலேயே பாஸ்.

ஓட்டுவது

எண்பதில் போகும்போது எஞ்சின் 3,000க்குச் சற்றுக் கீழே சுற்றுகிறது. முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, கண்டி ஏற்றத்தை மூன்றாம் கியரில் ஏறுகிறோம். முதல் கியரில் மட்டும் உறுக்கி மிதிக்காதீர்கள். வானின் உடம்பு இன்னும் 1969தான். சோளகம் அடிக்கும் நாளில் பண்ணைப் பாலத்தில் போய்ப் பாருங்கள், காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளும் விதத்தில் வேக ஆசை தானாய் அடங்கும். முதல் 500 கிலோமீற்றரில் எல்லா ஹோஸ் கிளிப்பையும், எஞ்சின் தாங்கிப் போல்ற்றுகளையும் மறுபடி இறுக்குங்கள். என்னுடையதில் இரண்டு கிளிப் தளர்ந்திருந்தன.

சாரதி ஆசனத்துக்குப் பின்னால் கலந்த கூலன்ற் ஐந்து லீற்றர் எப்போதும் கிடக்கும். அது பச்சை நிறம், இனிப்பு, நஞ்சு. அதனால் கானின் நாலு பக்கமும் "குடிக்கக்கூடாது" என்று கறுப்பு மையால் எழுதி, பூட்டும் போட்டிருக்கிறேன். அம்மா பயணம் வெளிக்கிடும்போது இன்னும் ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார், வண்டிக்கென்று. நாங்கள் அதைப் பளைக்கு முன்னமே குடித்துவிடுவோம்.